ஊர் கேட்க வேண்டிய கேள்வி

காலை எட்டு மணிக்குப் பின்னர், சீருடையின்றித் தெருவில் நிற்கும் ஒரு சிறுவனால் முன்னாளில் எமது ஊர்களில் நூறு அடி தூரம் நடந்துவிட முடியாது. வேலி அடைத்துக்கொண்டிருக்கும் கிழவர் அவனை மறித்துக் கேட்பார். சங்கக்கடை வாசலில் நிற்கும் மனேச்சர் கேட்பார். கிணற்றடியிலிருந்து குடத்தோடு வரும் ஆச்சி கேட்பார். "என்ன தம்பி, இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?"

கேட்டவர்களுட் பலர் எழுத்தறியாதவர்கள். கேட்கப்பட்டவன் அவர்களுக்கு உறவினனாக இருக்க வேண்டியதில்லை. எனினும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை தமக்குண்டென அவர்கள் நம்பினர். அதற்கு விடை கூறும் கடமை தனக்குண்டென அச்சிறுவனும் நம்பினான். இன்று அதே சிறுவன் அதே தெருவில் பட்டப்பகலில் நடந்து போகின்றான். நாம் அவனைக் காண்கின்றோம். கண்டும் நம் வழியே போகின்றோம். "அவன்ரை தாய் தகப்பன் இருக்கினம், நமக்கேன் வீண் வம்பு?" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கின்றோம்.

இந்த மௌனத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத எண்ணினோம். நம் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்துவதற்கு வறுமை ஒரு காரணம். ஆசிரியர் பற்றாக்குறை ஒரு காரணம். போரும் இடப்பெயர்வும் விட்டுச்சென்ற வடு ஒரு காரணம். இவற்றை எழுதியவர் பலர், நாமும் எழுதியிருக்கின்றோம். ஆனால், இவை எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரு பிள்ளை கடைசிப் பரீட்சை வரை போய்ச் சேர்ந்தால், அதன் பின்னணியில் ஏறக்குறைய எப்போதும் பெற்றோரல்லாத ஒரு பெரியவர் இருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அத்தகைய பெரியவர்கள் நம்மிடையே அருகி வருகின்றனர் என்பதே எமது கவலை.

திறந்த வாயிலும் வெளியேறும் பிள்ளையும்

இலங்கையிற் கல்விக்கு வாயில் திறக்கப்படவில்லை என்று எவரும் கூற முடியாது. அரசாங்க சபைக் காலத்தில் கல்வி மந்திரியாக இருந்த சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1980இல் பாடநூல்கள் இலவசமாயின. 1993இற் சீருடைத் துணியும் இலவசமாயிற்று. 1998ஆம் ஆண்டு முதல் 5 வயது தொடக்கம் 14 வயது வரை கட்டாயக் கல்வி என விதி செய்யப்பட்டது. 2016இல் அவ்வயதெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதிருப்பது இன்று சட்டத்துக்கு மாறானது.

சட்டம் இவ்வாறிருக்க, பிள்ளை எவ்வாறு வெளியேறுகின்றது? படிப்பை விட்டுவிடுவது என்று ஒரு நாளில் முடிவு செய்து வெளியேறும் பிள்ளையை நாம் கண்டதில்லை. முதலில் ஒரு திங்கட்கிழமை போகவில்லை. தோட்டத்தில் வேலை இருந்தது. செவ்வாய்க்கிழமை போனபோது வீட்டுப்பாடம் செய்திருக்கவில்லை. வகுப்பில் எழுந்து நிற்க நேர்ந்தது. மறுநாள் அந்த வெட்கத்தாற் போகவில்லை. ஒரு கிழமை கழிந்தது. கணித பாடம் இரண்டு அலகுகள் முன்னே சென்றுவிட்டது. இப்போது போனாலும் விளங்காது. இதற்கிடையில் ஒரு நாட் கூலி கைக்கு வந்தது, அதில் ஒரு பகுதி தாயின் கைக்குப் போனது, தாய் மறுக்கவில்லை. இரண்டு மாதத்தின் பின் அவன் பெயர் இடாப்பில் இருந்தது. அவன் அங்கே இல்லை.

இவ்வொவ்வொரு படியிலும் அவனை ஒருவர் நிறுத்தியிருக்கலாம். அதற்குப் பணமோ பட்டமோ தேவையில்லை. கேட்பதற்கு ஒருவர் வேண்டும், அவ்வளவே.

எம் கண்முன் நிகழ்ந்த ஒன்று

பொதுவாகப் பேசுவதை விடுத்து, எமது குறிச்சியில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றோம். இதில் எமக்குப் பெருமை இல்லை. எமது பிழையும் இதில் உண்டு.

குத்தகைக் காணியில் வெங்காயமும் மிளகாயும் செய்யும் ஒரு கமக்காரரின் மூத்த மகன் 2022ஆம் ஆண்டிற் பத்தாந் தரத்தில் இருந்தான். அதற்கு முந்திய ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதால் தகப்பனாருக்கு விளைச்சல் பாதியாகி, கடன் ஏறியது. 2022இல் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை. கிடைத்தபோது விலை வேறாகிவிட்டது. 87 ரூபா விற்ற ஒரு லீற்றர் அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 340 ரூபாவாயிற்று. கமக்காரர்களாகிய வாசகர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. எரிபொருளின்மையாற் பாடசாலைகளும் நாட்கணக்கில் மூடிக் கிடந்தன. மீண்டும் திறந்தபோது அந்தச் சிறுவன் போகவில்லை. அயல் தோட்டங்களில் வெங்காயம் பிடுங்கவும் பிடி கட்டவும் போனான்.

நாமும் அவனை இரண்டு நாட்கள் எமது தோட்டத்துக்கு அழைத்தோம். கூலியைக் குறையாமற் கொடுத்தோம். மத்தியானம் சோறும் கொடுத்தோம். கஷ்டப்பட்ட குடும்பத்துக்கு உதவினோம் என்று மனநிறைவும் கொண்டோம். அன்று திங்கட்கிழமை என்பது எமது சிந்தையில் எழவேயில்லை.

இளைப்பாறிய தபாலதிபர் ஒருவர் எமது அயலில் வசிக்கின்றார். அன்று மாலை அவர் எமது படலையில் துவிச்சக்கரவண்டியை நிறுத்தினார். "அந்தப் பிள்ளைக்கு இண்டைக்குப் பள்ளிக்கூடம் எல்லோ?" என்றார். கேள்வி சிறுவனிடம் கேட்கப்படவில்லை, எம்மிடம் கேட்கப்பட்டது. எம்மிடம் விடை இருக்கவில்லை.

அதன்பின் அவர் செய்தவற்றை வரிசையாகக் கூறுகின்றோம். ஏனெனில் உதவி என்பது எத்தன்மையது என்பதை அவ்வரிசையே காட்டும். முதலில் அவர் தகப்பனாரிடம் போனார். படிப்பைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. வெங்காயத்தையும் கடனையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தார். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை போனபோது தகப்பனாரே மகனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பின்னர் தபாலதிபர் வகுப்பாசிரியையைக் கண்டு, பிள்ளை திரும்பி வரும் நாளில் எல்லோர் முன்னிலையிலும் காரணங் கேட்க வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். அடுத்ததாக, எம்மையும் சேர்த்துத் தோட்டக்காரர் நால்வரை அழைத்துப் பேசினார். பாடசாலை நாளில் பிற்பகல் இரண்டரை மணிக்கு முன் எந்தப் பிள்ளையையும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை என்றும், அவனுடைய வீட்டுக்கு வருமானம் தேவையாதலால் சனிக்கிழமை வேலைக்கு முதலில் அவன் தகப்பனாரையும் தாயாரையும் அழைப்பதென்றும் தீர்மானித்தோம்.

உயர்தரம் முடித்து வேலைக்குக் காத்திருந்த ஒரு பெண்பிள்ளை, தன் வீட்டுத் திண்ணையில் வாரத்தில் மூன்று மாலை அவனுக்குக் கணிதஞ் சொல்லிக்கொடுத்தாள். தையல் தைக்கும் ஓர் அம்மா, குட்டையாகிவிட்ட காற்சட்டையின் மடிப்பை அவிழ்த்து நீட்டிக் கொடுத்தார். பரீட்சைக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டியிருந்தது. நிழற்படம் எடுப்பித்து, கிராம உத்தியோகத்தரின் ஒப்பம் பெற்றுக் கொடுப்பதற்குத் தபாலதிபரே உடன் சென்றார்.

பையன் 2024ஆம் ஆண்டு மே மாதத்திற் சாதாரண தரப் பரீட்சை எழுதினான். கணிதத்திற் சித்தியடையவில்லை. தகப்பனார், "இனிக் காணும் ஐயா, இவனுக்குப் படிப்பு ஏறாது," என்றார். அப்போது அந்தப் பெரியவர் கூறிய விடையை நாம் மறக்கமாட்டோம்: "ஒரு போகம் பிழைச்சதெண்டு நீ தோட்டத்தை விட்டனியோ, தம்பி?"

தகப்பனார் மறுபேச்சுப் பேசவில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பிக்கும் படிவத்தை அந்தப் பெண்பிள்ளை தன் கைத்தொலைபேசியிலேயே நிரப்பி அனுப்பினாள். 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவன் மீண்டும் எழுதினான், சித்தியடைந்தான். உயர்தர வகுப்பிற் தொழினுட்பப் பிரிவிற் சேர்ந்தான்.

கதை இவ்வளவே. இதில் எவரும் பெருந்தொகை செலவிடவில்லை. எவரும் மேடையேறவில்லை. ஐந்தாறு பெரியவர்கள் தத்தமக்கு இயன்ற ஒன்றைச் செய்தனர். ஒருவர் மட்டும் விடாமற் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்கப்படாத பிள்ளை

இக்கதையை இவ்விடத்தில் முடித்தால் நாம் உண்மையைப் பாதி கூறியவர்களாவோம். அதே ஆண்டில், அதே குறிச்சியில், இரண்டு ஒழுங்கைக்கு அப்பால் ஒரு பெண்பிள்ளை ஒன்பதாந் தரத்தோடு நின்றுவிட்டாள். தாய் கடனடைப்பதற்காக மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனார். இரண்டு தம்பிமாரைச் சமைத்துக் கொடுத்து அனுப்பும் பொறுப்பு இவளுக்கு வந்தது. அவள் தோட்டத்தில் நின்று எவர் கண்ணிலும் படவில்லை, அடுப்படியில் நின்றாள். "குமர்ப்பிள்ளை, வீட்டோடை இருக்கட்டும்," என்று ஊர் எண்ணிக்கொண்டது. தபாலதிபர் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை. இன்று அவளுக்குக் கேட்கும் வயது கடந்துவிட்டது.

அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது என்ன? காலையில் இரண்டு மணி நேரம் அந்தச் சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அயல் வீடு. மத்தியானம் பகிர்ந்துகொள்ளும் ஒரு சட்டி சோறு. நமது ஊரில் இவை இல்லாதவை அல்ல. செத்தவீட்டுக்கு மூன்று நாள் சோறு சமைத்துக் கொடுக்கும் ஊர் இது. உயிரோடிருக்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கு அதைச் செய்ய நாம் எண்ணவில்லை என்பதே குறை.

பையன் படிப்பை விட்டால் ஊர் அதனை இழப்பாகக் காண்கின்றது. பெண்பிள்ளை விட்டால் அதனை ஒழுங்காகக் காண்கின்றது. இந்தப் பார்வை மாறும் வரை எந்த விதியும் அவளைக் காக்காது.

நம்மிடம் இருந்த வழக்கம்

அயலார் சேர்ந்து பிள்ளைகளைப் படிப்பித்தல் நமக்குப் புதியதன்று. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அதற்கு அரசாங்க உதவி இருக்கவில்லை; ஊரவர் கொடையே துணையாயிற்று. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்து, அவ்வாறு சேர்ந்த பிடியரிசியாற் பள்ளிக்கூடம் வளர்த்த வழக்கம் நம்முடையது. 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே நூல்களைச் சேர்த்து அயலாருக்கு வாசிக்கக் கொடுத்தார். அந்தச் சிறு முயற்சியே வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகமாயிற்று. 1959இற் திறக்கப்பட்ட அதன் மாடக் கட்டடம் 1981இல் எரியூட்டப்பட்டதை உலகறியும். எரிந்தது ஒரு கட்டடம் மட்டுமன்று. ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கிய அயலார் உழைப்பும் அதனோடு எரிந்தது.

1990க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்குத் தடை. அப்போது ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் பஞ்சும் இட்டு எரித்த விளக்கின்முன் ஒரு தலைமுறை படித்தது. எண்ணெய் உள்ள வீட்டில் ஒரு விளக்கு எரிந்தால் அதைச் சுற்றி அயல் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தனர். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்குச் சென்றபோது, கொட்டில்களிலும் மரநிழலிலும் வகுப்பு நடத்திய ஆசிரியர்களை நாம் அறிவோம். அவர்களுக்கும் வீடு இருக்கவில்லை. இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருப்போர் பலர் அந்தக் கொட்டில்களிலிருந்து வந்தவர்கள்.

இது நமக்கு மட்டும் உரிய குணமன்று. 2021இற் கொள்ளை நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் மலைக் கிராமங்களில், தொலைபேசிக்கு அலைவரிசை கிடைக்கும் உச்சிக்குப் பிள்ளைகளைப் பெரியவர்கள் காட்டு வழியே அழைத்துச் சென்றனர். பாடம் முடியும் வரை காத்திருந்து திரும்ப அழைத்து வந்தனர். கூட நடந்ததே அவர்கள் செய்த உதவி.

எனினும் பழமையைப் பேசும்போது நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. ஊர் என்பது எல்லோருக்கும் ஊராக இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டையொட்டி, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் வாங்கிற் சம ஆசனம் கொடுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதை எதிர்த்துப் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் நம்மவர்களே. "தம்பி, பள்ளிக்கூடம் இல்லையோ?" என்ற கேள்வி சில பிள்ளைகளிடம் ஒருபோதும் கேட்கப்படவில்லை, அவர்கள் கூலிக்குப் போவதே இயல்பு என ஊர் எண்ணியது. ஆகவே, பழைய வழக்கத்தை அப்படியே மீட்க வேண்டும் என நாம் கூறவில்லை. அது விட்ட பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு அதை மீட்க வேண்டும் என்கின்றோம். எந்த ஒழுங்கைக்கு நாம் போவதில்லையோ, அந்த ஒழுங்கையிலேயே முதலிற் கேட்க வேண்டும்.

எதிர்வாதங்கள்

"பிறர் பிள்ளை விடயத்தில் தலையிடுவது நாகரிகமா?" என்று கேட்போர் உளர். தகப்பனாருக்கு நேரே அறிவுரை கூறுவதும், பிள்ளையைத் தெருவில் நிறுத்தி ஏசுவதும் நாகரிகமல்ல. அதை நாமும் ஒப்பமாட்டோம். பழைய ஊரில் அதுவும் இருந்தது. அதனாற் புண்பட்ட பிள்ளைகளும் உண்டு. தபாலதிபர் இரண்டு முறை வெங்காயத்தைப் பற்றியே பேசிவிட்டு வந்ததை வாசகர்கள் நினைவுகூர்க. மதிப்போடு கேட்கப்படும் கேள்வி தலையீடு ஆகாது.

"ரியூசன் கொட்டில்கள் ஊர் முழுவதும் இருக்கின்றனவே, அவை போதாவா?" என்பர் வேறு சிலர். அங்கு கட்டணம் கொடுப்பவனுக்கே இடம். நூற்றைம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒருவன் வராவிட்டால் எவரும் கவனியார். பாடஞ் சொல்லுவோர் அங்கு உளர், "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்போர் இலர்.

"இது அரசாங்கத்தின் வேலை" என்பது மூன்றாவது வாதம். இதில் உண்மை உண்டு. வன்னியிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் இன்றி வகுப்புகள் நடப்பதற்கு ஊரவர் பொறுப்பாளிகள் அல்லர். நியமனம் பெற்றவர்கள் சில மாதங்களில் நகரத்துக்கு இடமாற்றம் பெற்றுச் செல்வதை அனுமதிக்கும் நிருவாகமே பொறுப்பு. அதற்காகக் குரல் கொடுப்பதை இப்பத்திரிகை நிறுத்தாது. ஆனால், ஒரு தமிழ்ப் பிள்ளை பத்தாந் தரத்தில் இருப்பது ஓராண்டு மட்டுமே. அரசாங்கம் திருந்தும் வரை அப்பிள்ளையின் வயது காத்திராது. கோரிக்கையும் வேண்டும், கோரிக்கை நிறைவேறும் வரை பிள்ளையைக் கைவிடாதிருத்தலும் வேண்டும்.

அன்றியும், கேட்கும் ஊருக்கே அரசாங்கத்திடம் கேட்கும் தகுதி வரும். நமது பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் இடையில் நின்றனர், எந்தத் தரத்தில், எக்காரணத்தால் என்று ஊரவர் அறிந்து, அக்கணக்கோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவார்களாயின் அதிகாரிகள் எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. வரவைக் கவனிக்கும் குழுக்கள் கிராமங்களில் இயங்க வேண்டும் என்பது விதி. உமது கிராமத்தில் அக்குழு இருக்கின்றதா, கடைசியாக எப்போது கூடியது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள்.

யார் என்ன செய்யலாம்?

கமக்காரப் பெருமக்களுக்கு முதலிற் கூறுகின்றோம். நடுகையும் அறுவடையும் ஆளின்றி நடவா என்பதை நாம் அறிவோம். எமக்கும் தோட்டம் உண்டு. ஆயினும் பாடசாலை நாளிற் பிள்ளையைக் கூலிக்கு அழைப்பதில்லை என்ற ஒரு தீர்மானத்தை உங்கள் கமக்காரர் அமைப்பின் அடுத்த கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். தனியொருவர் மறுத்தாற் பிள்ளை அடுத்த தோட்டத்துக்குப் போகும். எல்லோரும் மறுத்தால் பாடசாலைக்குப் போகும். அவ்வாறு மறுக்கும்போது அந்த வீட்டுப் பெரியவருக்கு வேலை கொடுங்கள். வருமானத்தை அடைத்துவிட்டுப் படிப்பைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

உத்தியோகத்தர், இலிகிதர், சட்டத்தரணி, வைத்தியர் முதலியோருக்கு ஒன்று கூறுவோம். உங்களிடம் உள்ள பெருஞ் செல்வம் வழி தெரிந்திருத்தலாகும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எவ்வாறு பெறுவது என்பது உங்களுக்குத் தெரியும்; ஒரு கூலித் தொழிலாளிக்கு அது மலை. சாதாரண தரத்திற் சித்தியடையாத பிள்ளையும் பாடசாலையிலேயே இருந்து தொழிற் பாடங்களைக் கற்க வழி செய்யும் 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கப்பட்டது என்பதை எத்தனை பெற்றோர் அறிவர்? மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சனசமூக நிலையத்தில் இரண்டு மணி நேரம் இருந்து படிவம் நிரப்பிக் கொடுங்கள். வாசிகசாலைக்குப் பத்திரிகை வாங்குவது போன்று அதையும் ஊர்ப்பணியாகக் கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் வாழும் நம் உறவினருக்கும் இது பொருந்தும். கோபுரத்துக்கும் மதிலுக்கும் பழைய மாணவர் சங்கத்தின் விளையாட்டு மண்டபத்துக்கும் அனுப்பும் பணத்தை நாம் குறை கூறவில்லை. அதில் ஒரு பங்கு, பேருந்துக் கட்டணம் இன்றிப் படிப்பை நிறுத்தும் பிள்ளைக்குப் போகட்டும். அப்பணத்தை யாருக்கு, எப்போது கொடுக்க வேண்டும் என்று அறிந்த ஒரு பெரியவர் ஊரில் இருந்தாலன்றி அது உரிய இடத்துக்குப் போய்ச் சேராது என்பதையும் மறவாதீர்.

மலையகத்தில் இக்கடமை இன்னும் பெரிது. பதினான்கு, பதினைந்து வயதிற் பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் அழைத்துச் செல்லும் தரகர் லயத்து வாசல் வரை வருகின்றார். அவருக்கு எதிரே அந்த லயத்தில் ஒரு பெரியவரேனும் எழுந்து நின்று கேட்க வேண்டும். அந்தக் கடைகளின் முதலாளிமாரில் நம்மவரும் உளர். அவர்கள் இவ்வரிகளை வாசிப்பார்களாக.

தாய்மாருக்கும் மாதர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டோடு நிற்கும் பெண்பிள்ளையை ஆண்கள் காண்பதில்லை, நீங்கள் காண்கின்றீர்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவளைப் பற்றிக் கேட்க எவருமில்லை.

முடிவாக

ஒவ்வொரு பெரியவரும் நூறு பிள்ளைகளைக் காக்க வேண்டும் என நாம் கேட்கவில்லை. உமது ஒழுங்கையில் ஒரு பிள்ளை. அப்பிள்ளை கடைசிப் பரீட்சை எழுதி முடிக்கும் வரை. பெயரை அறிந்து வையுங்கள். எந்தத் தரம் என அறிந்து வையுங்கள். பரீட்சை எப்போது என அறிந்து வையுங்கள். ஒரு நாள் காணாவிட்டாற் கேளுங்கள். பரீட்சையிற் பிழைத்தால் அன்று மாலையே அவ்வீட்டுக்குப் போங்கள். பெறுபேறு வந்த அந்த ஓரிரவிலேயே பல பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடுகின்றது.

நிலத்தையும் மொழியையும் உரிமையையும் பற்றி நாம் நாளும் பேசுகின்றோம், பேச வேண்டியவையே. அவற்றைக் காக்கப்போகும் தலைமுறை இன்று பத்தாந் தரத்தில் இருக்கின்றது. அதில் ஒருவன் நாளைக் காலை எட்டரை மணிக்கு நமது படலையைக் கடந்து தோட்டத்துக்குப் போவான். ஒருத்தி எதிர் வீட்டு அடுப்படியில் நிற்பாள்.

கேட்போமா?